மூன்று வயதுக்கு எந்தப் பாட்டு?

ஜூலை 5, மாலை

ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பெண்ணுக்கு மூன்று வயது. எழுந்ததும் போனைக் கேட்கிறாள். ரைம்ஸ் போட்டால்தான் இட்லி உள்ளே போகிறது. எங்கள் அம்மா பாடிய தமிழ்ப் பாட்டையெல்லாம் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே 'வேற, வேற' என்கிறாள். தமிழில் சின்னப் பிள்ளைகளுக்கு உருப்படியாகப் பாட்டு இருக்கிறதா, இல்லை நம் ஞாபகத்தில் மட்டும்தான் அதெல்லாம் இனிக்கிறதா?"

இருக்கிறது தம்பி. போட்டுக் காட்டினீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இப்போது என் பாட்டு வகுப்பில் சரளி வரிசை (முதல் பாடம்) படிக்க இரண்டு வாண்டுகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் எழுதுகிறேன்.

ஜூலை 6

பருப்பு கடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, அதில் நம் முழங்கையை ஊன்றிக் கடைகிறோம். பருப்பு கடைந்து, சோறு போட்டு, நெய் ஊற்றி, ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று பங்கு வைக்கிறோம். அதற்கு மேல்தான் விஷயம். "நண்டூருது, நரியூருது" என்று இரண்டு விரல் மணிக்கட்டிலிருந்து கிளம்பும். நண்டு அக்குளுக்குப் போய்ச் சேரவே வேண்டாம். முழங்கையைத் தாண்டும்போதே பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடும். இதையே திரையில் ஒரு கார்ட்டூன் கை இன்னொரு கார்ட்டூன் கைக்குச் செய்தால் யாருக்குக் கூசும்?

"சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" உட்காரப் பழகும் குழந்தைக்கு. "கை வீசம்மா கை வீசு" கையை ஆட்டத் தெரிந்ததற்கு. "குலை குலையா முந்திரிக்கா" பாட ஒரு வட்டம் வேண்டும், முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓட ஒரு கைக்குட்டை வேண்டும். நம்மிடம் இருக்கும் பாட்டில் பெரும்பாலானவை இப்படி உடம்போடு சேர்த்துக் கட்டியவை. கழற்றி எடுத்துப் பாட்டை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டால் நாலு வரி, அவ்வளவுதான். பிள்ளை 'வேற' என்று சொல்லாமல் என்ன செய்யும்?

ரைம்ஸ் வீடியோ திரைக்கென்றே செய்தது. அதன் களத்தில் போய் அதோடு மல்லுக்கட்டினால் தோற்கத்தான் செய்வோம். கொரியாவிலிருந்து வந்த அந்தச் சுறாக்குட்டிப் பாட்டு (பேபி ஷார்க்) 2022 ஜனவரியில் யூடியூபில் ஆயிரம் கோடிப் பார்வையைத் தொட்ட முதல் வீடியோ. சூச்சூ டிவி என்ற ரைம்ஸ் சேனல் நம் சென்னையில் 2013இல் தொடங்கியது. அவர்கள் தொழிலை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். நாம்தான் நம் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறோம்.

திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கை பையன் சாப்பிடும்போது நானும் போனை எடுத்து நீட்டியிருக்கிறேன். இட்லி இறங்க வேண்டுமே.

ஜூலை 6, இரவு

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரத்தை மூன்று வேளைச் சாப்பாடே தின்றுவிடும் என்பது வேறு கதை.

ஜூலை 7

சேலத்துக்காரர் ஒருவர் சினிமாக் குழந்தைப் பாட்டு என்று நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறார். நல்ல பட்டியல், எனக்கும் எல்லாம் பிடித்தவை. ஆனால் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஒன்று, குழந்தைக் குரலில் வருபவை. களத்தூர் கண்ணம்மாவில் (1960) "அம்மாவும் நீயே", குமுதத்தில் (1961) "மியாவ் மியாவ்", குழந்தையும் தெய்வமும் படத்தில் (1965) "கோழி ஒரு கூட்டிலே". மூன்றையும் பாடியது எம்.எஸ். ராஜேஸ்வரி. வளர்ந்த பெண்மணி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை. அந்தத் திறமைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடு போடலாம். ஆனால் கோழிப் பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கோழியும் சேவலும் ஆளுக்கொரு கூட்டில், நடுவில் குஞ்சு தவிக்கிறது. அப்பாவும் அம்மாவும் பிரிந்திருக்கும் துக்கம் அது. பிள்ளை 'கொக்கரக்கோ' என்று குதிக்கும். பின்னால் உட்கார்ந்து அழுவது நாம்தான்.

இரண்டாவது வகை, அறிவுரை. "திருடாதே பாப்பா திருடாதே", "சின்னப்பயலே சின்னப்பயலே சேதி கேளடா", இரண்டும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை. மகத்தான பாட்டுகள். ஆனால் அந்தச் சேதியை மூன்று வயதுப் பயல் கேட்டு என்ன செய்வான்? அது அவனை முன்னால் நிறுத்திக்கொண்டு பெரியவர்களுக்குச் சொன்னது.

இப்போது அழ. வள்ளியப்பாவின் "வட்டமான தட்டு" பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டு நிறைய லட்டு. மொத்தம் எட்டு. கிட்டு நான்கு, பட்டு நான்கு. காலித் தட்டு. முடிந்தது கதை. இனிப்பு அதிகம் தின்னக் கூடாது, பல் சொத்தையாகும், ஏழைக்கும் கொடுத்து உண்ண வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள்கூட உள்ளே வரவில்லை. வங்கி வேலை பார்த்துக்கொண்டே இதையெல்லாம் எழுதியவர் அவர். ராயவரத்துக்காரர், 1922இல் பிறந்தவர். 'ட்டு' 'ட்டு' என்று நாக்கு மேலண்ணத்தில் அடித்துக்கொண்டே போகும் சுகம் ஒன்று இருக்கிறதே, அதற்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும். கழித்தல் கணக்கு அதில் இலவச இணைப்பு.

கவிமணியின் "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" இன்னும் சுத்தம். பசு மேய்கிறது, கன்று குதிக்கிறது. தகிட தகிட என்று மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் பாட்டே கன்றுக்குட்டி போலத் துள்ளிப் போகும். என் வகுப்பில் திஸ்ரம் சொல்லிக்கொடுக்க நான் எடுப்பது இந்தப் பாட்டைத்தான்.

ஜூலை 7, கொஞ்ச நேரம் கழித்து

"பாரதி பாப்பாவுக்குச் சொன்னதும் அறிவுரைதானே அக்கா?" என்று மடக்குகிறார் சேலத்துக்காரர். அறிவுரைதான். ஆனாலும் "மாலை முழுதும் விளையாட்டு" என்று எழுதி வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? முழுதும்! அபாகஸ், இந்தி டியூஷன், கராத்தே என்று பிள்ளையை வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டு திரியும் நாம் அந்த வரியை மட்டும் பாடாமல் தாண்டிவிடுவதுதான் நியாயம். நானும் மாலை நேரத்தில்தான் பாட்டு வகுப்பு வைத்திருக்கிறேன். மேலே பேசவில்லை.

ஜூலை 8

நம் பாட்டெல்லாம் ரொம்ப சாது, காட்டமே இல்லை என்று ஒரு புகார். அப்படியா?

மழை வருது மழை வருது நெல்லை வாருங்கோ
முக்காப்படி அரிசி போட்டு முறுக்கு சுடுங்கோ
ஏர் ஓட்டுற மாமனுக்கு எண்ணி வையுங்கோ
சும்மா இருக்கிற மாமனுக்குச் சூடு வையுங்கோ

எங்கள் வீட்டில் கடைசி வரி வரும்போது எல்லோரும் ஒரு குறிப்பிட்ட மாமாவைத் திரும்பிப் பார்ப்போம். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். உழைக்கிறவருக்குக்கூட எண்ணித்தான் முறுக்கு, அதையும் கவனிக்க.

ஜூலை 9

ஒரு விஷயம் யாருமே பேசவில்லை. கட்டை, அதாவது எந்தச் சுருதி உயரத்தில் பாடுவது என்பது.

சினிமாப் பாட்டைப் பிள்ளை கத்திப் பாடும்போது தொண்டை நரம்பு புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா ஒரு கட்டையில் ஆரம்பித்துக் கொடுப்பார். அது பிள்ளைக்கு எட்டாத பாதாளம். சரணத்தில் பாட்டு மேலே ஏறும்போது எட்டாத உச்சி. சின்னப் பிள்ளையின் குரல் போய்வரும் தூரம் குறைவு, ஆனால் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். நான் ஐந்து கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்தால்தான் அதுகளுக்கு 'ஸ' வசதியாக உட்காரும். "கை வீசம்மா"வோ "நிலா நிலா ஓடி வா"வோ வீடுகளில் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள் சுற்றி முடிந்துவிடும். பாதி பாட்டு, பாதி பேச்சு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அப்படி அமைக்கவில்லை. பிள்ளை வாயில் நிற்காதது காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, நின்றது நமக்கு வந்திருக்கிறது.

அதனால் எனக்குக் குரல் இல்லையே என்று கூச்சப்படும் அப்பாக்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பாட்டுகளுக்குக் குரல் தேவையே இல்லை. கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, நிதானமாகச் சொன்னால் போதும். டிவி போட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளை காதல் தோல்விப் பாட்டைக் கமகத்தோடு, ஸ்வரத்தை அசைத்து வளைத்து, பாடி நடுவர்கள் கண் கலங்குகிறார்களே, அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அது தனிச் சண்டை, இன்னொரு நாள்.

ஜூலை 10

நீலாம்பரி போட்டால் தூங்குமா?

சங்கராபரணத்தின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), தூக்கத்துக்கென்றே பேர் வாங்கிய ராகம், எல்லாம் சரி. என் தங்கை பையன் கைக்குழந்தையாக இருந்தபோது மடியில் போட்டுக்கொண்டு வளைவு சுளிவோடு நீலாம்பரி ஆலாபனை செய்தேன். முழித்துக்கொண்டு என் வாயையே பார்த்தான். கடைசியில் தூங்கியது நான். அவனைத் தூங்க வைத்தது தெருமுனைக் கோவில் திருவிழாவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர். குத்துப்பாட்டு அதிர அதிர, தூளியில் அசைவே இல்லை.

ராகத்தைவிட ஆட்டும் கைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்கு ஒரு கதி இருக்கிறது, பாட்டு அதன்மேல் ஏறிக்கொள்கிறது. புடவைத் தூளி போய்வரும் வேகத்துக்கு மேல் யாராலும் "ஆராரோ ஆரிரரோ" பாட முடியாது, முயன்று பாருங்கள்.

ஜூலை 12

தாலாட்டு என்றதும் ஆளாளுக்கு உருகுகிறீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. அது குழந்தைக்குப் பாடியதுதானா?

"ஆரடிச்சு நீ அழுத? அடிச்சாரைச் சொல்லி அழு." அப்புறம் வரிசையாக வருவார்கள்: மாமன் அடித்தாரோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே. பிறந்த வீட்டு மாமனுக்கு மல்லிகை. புகுந்த வீட்டு அத்தைக்கு அரளி! எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். சில ஊரில் அத்தைக்கு அல்லியோ வேறு நல்ல பூவோ கிடைப்பதுண்டு, அங்கே நாத்தனார் நல்லவர் போலிருக்கிறது. பகலெல்லாம் வாயைத் திறக்க முடியாதவள் தூளியை ஆட்டிக்கொண்டு பேசுகிறாள். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழும். கேட்டால், பிள்ளைக்குப் பாடினேன்.

கண்ணதாசன் அதைச் சரியாகப் பிடித்தார். சித்தி படத்தில் (1966) சுசீலா பாடும் "காலமிது காலமிது கண்ணுறங்கு மகளே": பெண்ணாகப் பிறந்தால் தூக்கம் இப்போது மட்டும்தான், தவறவிட்டால் அப்புறம் கிடையாது என்று மகளிடம் சொல்கிறாள். தொட்டில் பாட்டில் இவ்வளவு கசப்பா என்று முதலில் கேட்டபோது திடுக்கிட்டேன். நாட்டுப்புறத் தாலாட்டுகளைக் கேட்ட பிறகு, கசப்பு அங்கே எப்போதும் இருந்ததுதான் என்று தெரிந்தது.

7ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படித்தால் இடிக்கிறதே என்று ஒருவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் பாட்டு, பிள்ளையின் பாட்டு என்று அங்கே கறாராகக் கோடு போட்டேன். தாலாட்டில் அந்தக் கோடு நிற்காது. கைக்குழந்தைக்குச் சொல் எதுவும் புரியப்போவதில்லை. அம்மா தன் மனசை இறக்கி வைக்கட்டும். பிள்ளை தானே வாய் திறந்து பாடும் வயதுக்கு வந்தபின்தான் கோடு.

ஜூலை 13

மொசார்ட். வந்துவிட்டதா அதுவும்? அந்த மேல்நாட்டு இசையமைப்பாளரின் இசையை வயிற்றில் இருக்கும்போதே கேட்க வைத்தால் அறிவு வளரும் என்று ஒரு தங்கை. 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. குழந்தைகளே அதில் கிடையாது. ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், அதுவும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. அதை வைத்து அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். நம் ஊரில் சீர்வரிசைத் தட்டில் வைக்காதது ஒன்றுதான் பாக்கி.

பிடித்திருந்தால் கேளுங்கள் தங்கச்சி. உங்களுக்கு நிம்மதியாக இருந்தால் அதுவே போதும். கடைசி மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்கு அம்மாவின் குரல் நன்றாகவே கேட்கும், நீங்களே முணுமுணுத்துக்கொண்டிருக்கலாம்.

ஜூலை 15

ஓசூர்த் தம்பி திரும்பி வந்திருக்கிறார். பருப்பு கடைந்தாராம். முதலில் கையை இழுத்துக்கொண்டாளாம். நண்டு ஏறியதும் சிரித்தாளாம். இப்போது ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போதும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளாம். "ரைம்ஸ் மட்டும் குறையவில்லை அக்கா."

குறையாது. குறைய வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டும் இருக்கட்டும். அவள் நண்டுக்கு நரிக்கு நடுவில் அந்தச் சுறாவையும் ஏற்றிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்தப் பக்கத்தில் இதுவரை வந்ததிலேயே நல்ல செய்தி.

ஜூலை 17

இன்று ஆடி முதல் நாள். டொரோண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருக்கிறார், அவர் பேரப்பிள்ளைகள் இன்று கூழுக்கு முன்னால் பாடினார்களாம்:

ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை
ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதியது. இங்கே எங்களுக்கு ஆடி என்றால் அம்மனுக்குக் கூழ், தள்ளுபடி விளம்பரம். அங்கே பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும், அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையும். பாட்டு ஆரம்பிப்பதே லீவில்தான், பாருங்கள்! பண்டிகையின் பெருமை, முன்னோர் மரபு என்றெல்லாம் இழுக்காமல், நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டார். பிள்ளை மனசு தெரிந்தவர்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கனடாவில் ஜூலை மாதம் எப்படியும் கோடை விடுமுறைதான். 'நாளை விடுதலை' என்று அவர்கள் என்னத்தை நினைத்துப் பாடுகிறார்களோ. கொழுக்கட்டை கிடைக்கிறது, அது போதும் என்கிறார் அக்கா.

ஜூலை 20

கோபமாக ஒருவர்: வெள்ளைக்காரன் மெட்டு காதில் விழுந்தால் நம் பிள்ளைகளின் இசை ஞானமே கெட்டுவிடும்.

ஐயா, கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தெரியுமல்லவா? வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளை எடுத்து அவற்றில் சமஸ்கிருத வரிகள் போட்டவர். நோட்டுஸ்வரம் என்று பெயர். "சந்ததம் பாஹிமாம்" பாடினால் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு அப்படியே வரும். கமகம் இல்லாத நேர் ஸ்வரங்கள் என்பதால் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கிறோம். தீட்சிதருக்குக் கெடாத ஞானம் எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கெட்டுவிடாது. ட்விங்கிள் ட்விங்கிளும் ஒன்றும் அசல் இங்கிலாந்து இல்லை. மெட்டு பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸ், வரிகள் 1806இல் ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண் எழுதியது. ஏபிசிடி பாட்டுக்கும் அதே மெட்டுதான். ஒரு மெட்டை வைத்துக்கொண்டு உலகமே குடித்தனம் நடத்துகிறது.

எங்கள் தெருப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்க இன்னும் "இங்கி பிங்கி பாங்கி" சொல்கின்றன. அது எந்த நாட்டுச் சங்கீதம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜூலை 21

நிலாப் பாட்டு பற்றி ஒரு துண்டு, விட்டுப்போனது. நிலாவைக் கூப்பிடுவது பிள்ளைத்தமிழில் ஒரு தனிப் பருவமே, அம்புலி. குழந்தையோடு விளையாட வா என்று சாமம், தானம், பேதம், தண்டம் நான்கையும் சந்திரன்மேல் பிரயோகிப்பார்கள் புலவர்கள். கெஞ்சி, ஆசை காட்டி, கடைசியில் மிரட்டல். அதற்கெல்லாம் முன்னாலேயே பெரியாழ்வார் யசோதையாக நின்று நிலாவைக் கூப்பிட்டிருக்கிறார், குட்டிக் கண்ணன் அப்பூச்சி காட்டிப் பயமுறுத்துவதையும் பாடியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவருக்குப் பிள்ளை விளையாட்டு இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருக்கிறது. மல்லிகைப்பூ கொண்டுவரச் சொல்லும் நம் பாட்டில் மிரட்டல் கிடையாது. சோறு ஊட்டும் நேரத்தில் சந்திரனோடு சண்டை பிடிக்க யாருக்குத் தெம்பு?

ஜூலை 24

"பூப்பறிக்க வருகிறோம், எந்த மாதம் வருகிறீர்" விளையாட்டைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அணி எதிரெதிரே கைகோத்து நின்று, முன்னே வந்து பின்னே போய்ப் பாடுவது, அதில் தகராறு இல்லை. மாதத்தில்தான் தகராறு. எங்கள் உறையூரில் டிசம்பர் மாதம் வருகிறோம் என்போம். தமிழ் மாதம்தான் சரி, மற்றதெல்லாம் பின்னால் வந்த கலப்படம் என்கிறார் சேலத்துக்காரர். அது டிசம்பர் பூ பூக்கும் மாதம், அதனால் டிசம்பர் என்கிறார் மதுரைக்காரர். யாழ்ப்பாணத்து அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. அக்கா, உங்கள் பக்கம் எந்த மாதம்?

தம்பி, உங்கள் பெண்ணுக்கு இதற்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதோடு நாலைந்து பிள்ளைகளாவது வேண்டும். அபார்ட்மெண்டில் இப்போதே ஆள் பிடித்து வையுங்கள்.